நம்ம கார்

ஆஸ்திரேலியாவில் நாற்பது வயது தாண்டிய எவரிடமாவது கார்ப் பந்தயம் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு கதை வந்துவிடும். பாத்தர்ஸ்ட் மலையில் ஒரு காலத்தில் நம்ம நாட்டுக் கார்கள் ஓடின. ஒரு பக்கம் ஃபோர்டு, மறுபக்கம் ஹோல்டன். அப்பன் எந்தக் கட்சியோ பிள்ளையும் அந்தக் கட்சி. நடுவில் ஜப்பான்காரன் ஏதோ கணினி வைத்த காரைக் கொண்டுவந்து ஆட்டத்தைக் கெடுத்தான். விதியை மாற்றி அவனை அனுப்பி வைத்தோம். பொற்காலம் திரும்பியது. அப்புறம் காலம் கெட்டுப்போச்சு, தொழிற்சாலைகளை மூடிட்டாங்க, எல்லாம் முடிஞ்சுது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சொல்கிறவர் கண் கலங்குவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தக் கதையில் பாதி இரண்டு கம்பெனிகளின் விளம்பரத் துறை எழுதியது, மீதிப் பாதி விதிப்புத்தகம் எழுதியது. அதில் கடைசியாக வருகிற தொழிற்சாலை மூடல் இருக்கிறதே, அது கதைக்கு வெளியிலிருந்து வந்து விழுந்த துயரம் இல்லை. கதையின் ஆரம்பத்திலேயே அதற்கான விதை இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. சிட்னிக்கு மேற்கே 200 கிலோமீட்டர் தொலைவில் பாத்தர்ஸ்ட். ஊரை ஒட்டி மவுண்ட் பனோரமா என்ற மலை. விராஜுரி மக்களுக்கு அது வாலூ. 2015-இல்தான் அரசு அந்தப் பெயரையும் சேர்த்து ஏற்றுக்கொண்டது. மலையைச் சுற்றி 6.213 கிலோமீட்டர் சாலை. ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேர் மாறி மாறி ஓட்ட, 161 சுற்று, 1000 கிலோமீட்டர். ஆறு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். உச்சிக்கும் அடிக்கும் 174 மீட்டர் உயர வித்தியாசம். மேலே சுவருக்கும் சுவருக்கும் நடுவில் சாலை பாம்பு மாதிரி வளையும். மற்ற நாட்களில் இது பொதுச்சாலை. 60 கிலோமீட்டர் வேகத்தில் யார் வேண்டுமானாலும் போகலாம், எதிரே பால் வாங்கப் போகிற வண்டி வரும். பந்தயக் கார் போகிற ஓரத்தில் வீட்டு வாசல்கள் இருக்கின்றன. உலகத்தில் இவ்வளவு அழகான பந்தயச் சாலைகள் அதிகம் கிடையாது. எனக்கு இந்தப் பந்தயத்தின் மேல் வெறுப்பு எதுவுமில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இங்கே ஓடுவது டூரிங் கார்கள். அதாவது ஃபார்முலா ஒன் மாதிரி ஒற்றை இருக்கை அம்பு இல்லை; நீங்களும் நானும் கடையில் வாங்குகிற குடும்பக் காரின் உருவத்தில் இருக்கும் பந்தயக் கார்கள். "உருவத்தில்" என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

பந்தயம் பிறந்தது பாத்தர்ஸ்ட்டில் இல்லை. 1960-இல் விக்டோரியா மாநிலத்தில் ஃபிலிப் தீவில், ஆர்ம்ஸ்ட்ராங் என்ற ஷாக் அப்சார்பர் கம்பெனியின் பணத்தில், 500 மைல் பந்தயமாக நடந்தது. அந்தப் பாதை கார்களின் அடி தாங்காமல் பெயர்ந்துபோனதால் 1963-இல் மலைக்கு வந்தார்கள். ஆரம்ப நோக்கம் எளிமையானது: கடையில் விற்கும் காரை அப்படியே கொண்டுவா, நாள் முழுக்க அடித்து ஓட்டு, எது தாங்குகிறது என்று பார்ப்போம். கார்களை விலையை வைத்துப் பிரித்தார்கள். இவ்வளவு பவுண்டுக்குள் வாங்கினால் எந்தக் கார் நல்லது என்று வாங்குகிறவன் தெரிந்துகொள்ளலாம். ஒருவிதத்தில் அது நுகர்வோர் சோதனை.

1960-இல் இன்னொரு விதியும் இருந்தது. ஆஸ்திரேலியாவில் கட்டப்பட்ட அல்லது பாகங்களைச் சேர்த்துப் பூட்டப்பட்ட கார்களுக்கே அனுமதி. இதைக் காட்டித்தான் பழமைவாதிகள் என்னை மடக்குவார்கள்: "பாத்தியா, ஆரம்பத்துலயே நம்ம காருக்குத்தான் பந்தயம்!" சரி. ஆனால் அந்த விதி என்ன கேட்டது? யாருடைய பெயர் முன்னால் ஒட்டியிருக்கிறது என்று கேட்கவில்லை. யாருடைய கை பூட்டியது என்று கேட்டது. அதனால்தான் அந்தப் பந்தயத்தில் ஜெர்மன் ஃபோக்ஸ்வேகனும் பிரெஞ்சு சிம்காவும் இங்கிலாந்து டிரையம்பும் "உள்ளூர்" கார்களாக ஓடின. முதல் ஆண்டு முதலில் வந்தது ஒரு வாக்ஸால். 1966-இல் மினி கூப்பர் எஸ் கார்கள் முதல் ஒன்பது இடங்களையும் அள்ளிக்கொண்டு போயின. ஜெயித்த காரை ஓட்டிய இருவரில் ஒருவர் பின்லாந்துக்காரர், ரௌனோ ஆல்டோனன். மினி இங்கிலாந்தின் கார்தான்; அதை சிட்னியின் ஜெட்லாண்டில் இருந்த தொழிற்சாலையில் பூட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு "நம்ம கார்" என்பதற்கு ஒரு நேர்மையான அர்த்தம் இருந்தது: நம்ம தெருவில் இருப்பவர் பூட்டிய கார்.

அடுத்த ஆண்டிலிருந்து அந்த அர்த்தம் நழுவத் தொடங்கியது. 1967-இல் ஃபோர்டு, வி8 என்ஜின் வைத்த ஃபால்கன் ஜிடியோடு வந்து ஜெயித்தது. 1968-இல் ஹோல்டன் மொனாரோவோடு பதில் சொன்னது. ஞாயிறு ஜெயித்தால் திங்கள் விற்கும் என்பது கார் வியாபாரிகளின் பழைய வேதம். பந்தயத்தில் ஓட்ட வேண்டுமென்றால் அதே காரைப் பொதுமக்களுக்கும் விற்றிருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே பந்தயக் காரையே நம்பர் பிளேட் போட்டு விற்றார்கள். ஆலன் மோஃபட் 1970, 1971 இரண்டு ஆண்டும் தனியாளாக ஓட்டி ஜெயித்த ஃபால்கன் அப்படிப்பட்டது. 1972-இல் ஒரு ஞாயிறு செய்தித்தாள் இந்தப் பேய் வேகக் கார்களை இளைஞர்கள் கையில் கொடுப்பதா என்று கிளப்பிவிட, அமைச்சர்கள் குரல் எழுப்ப, ஃபோர்டும் ஹோல்டனும் கிரைஸ்லரும் தயாராக வைத்திருந்த அடுத்த கார்களைக் கைவிட்டார்கள். 1973-இல் தூரம் 1000 கிலோமீட்டர் ஆனது, கார்களை மாற்றியமைக்க விதிகள் தளர்ந்தன. கடையில் வாங்கிய காரை அப்படியே ஓட்டுகிற பந்தயம் அத்தோடு செத்தது. அதாவது பொற்காலக் கதையில் வரும் "அசல் ஷோரூம் கார்" காலம், பாத்தர்ஸ்ட்டில் மொத்தமே பத்து ஆண்டு.

செத்தது பந்தயத்தின் காரணம். கட்சி மட்டும் செழித்தது. வாங்குகிறவனுக்குத் தகவல் கொடுக்க வந்த பந்தயம், தகவலே தேவையில்லாத வாடிக்கையாளனை உருவாக்கியது. நான் ஃபோர்டுக்காரன், ஆகவே ஃபோர்டு வாங்குவேன். எந்தக் கம்பெனிக்கும் இதைவிட என்ன வேண்டும்? அந்தக் கம்பெனிகள்தான் யார்? ஹோல்டன் 1931 முதல் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸின் சொத்து. ஃபோர்டு ஆஸ்திரேலியா 1925-இல் ஃபோர்டு கனடாவின் கிளையாகத் தொடங்கியது. டெட்ராய்ட்டில் எதிரெதிரே இருந்த இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளின் சண்டையை ஒரு நாடே தன் குலச்சண்டையாக எடுத்துக்கொண்டது.

ரசிகர்களின் அன்பு போலி என்று சொல்ல வரவில்லை. 1980-இல் டிக் ஜான்சன் என்ற குயின்ஸ்லாந்துக்காரர், கடன் வாங்கித் தயாரித்த ஃபால்கனில் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது, சாலை நடுவில் கிடந்த ஒரு பாறையில் மோதினார். கார் நொறுங்கியது. தொலைக்காட்சியில் அவர் தொண்டை அடைக்கப் பேசியதைப் பார்த்த ஜனங்கள் தொலைபேசியில் கூப்பிட்டுப் பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள். எழுபதாயிரம் டாலருக்கு மேல் சேர்ந்தது. ஃபோர்டு அதே அளவு தானும் போட்டது. அடுத்த ஆண்டு ஜான்சன் ஜெயித்தார். இந்தக் கதையை எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அலுக்காது. ஆனால் கவனியுங்கள்: முதலில் கையை விட்டுப் போட்டவர்கள் ஜனங்கள். கம்பெனி கணக்குப் பார்த்துப் பின்னால் வந்தது. அந்த அன்பு ஒரு மனிதனின் மேல் வைத்தது. அறுவடை செய்தது நீல நிற வட்டச் சின்னம்.

இப்போது 1980-களின் கார்ச் சந்தைக்கு வருவோம். இங்கேதான் "நம்ம கார்" கதை சிரிப்பாய்ச் சிரிக்கிறது. 1986-இல் ஹோல்டன் விற்ற விஎல் கமோடோரின் ஆறு சிலிண்டர் என்ஜின் எங்கிருந்து வந்தது? நிசானிடமிருந்து. ஜப்பானில் செய்து கப்பலில் வந்த ஆர்பி30. சில ஆண்டுகள் கழித்து அரசின் கார்த்தொழில் திட்டத்தால் கம்பெனிகள் ஒருவர் காரை இன்னொருவர் பெயரில் விற்க ஆரம்பித்தார்கள். ஹோல்டன் அப்பல்லோ என்று வாங்கினால் அது டொயோட்டா கேம்ரி. டொயோட்டா லெக்ஸன் என்று வாங்கினால் அது ஹோல்டன் கமோடோர். ஃபோர்டு கோர்சேர் என்றால் நிசான் பின்டாரா. நிசான் பெயரில் விற்ற யூட், ஃபோர்டு ஃபால்கன் யூட். குலப்பெருமை பேசிக்கொண்டிருந்த வீட்டு வாசலில் நின்ற காருக்கு மூடியைத் திறந்து பார்த்தால் எதிர்க்கட்சி உட்கார்ந்திருக்கிறது!

இந்தப் பின்னணியோடு 1992 அக்டோபருக்கு வாருங்கள். பந்தயம் அப்போது குரூப் ஏ என்ற சர்வதேச விதிகளில் நடந்துகொண்டிருந்தது. 1991-இல் ஜெயித்தது நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர். நான்கு சக்கரங்களுக்கும் விசை, இரட்டை டர்போ. அதற்கு காட்ஸில்லா என்று பட்டப்பெயர் வைத்ததே ஆஸ்திரேலியப் பத்திரிகைதான். 1992-க்கு அதன் மேல் கூடுதல் எடை ஏற்றினார்கள், டர்போ அழுத்தத்தைக் குறைத்தார்கள். அப்படியும் ஜிம் ரிச்சர்ட்ஸ், மார்க் ஸ்கைஃப் ஜோடியின் கார்தான் முன்னால் இருந்தது. பிற்பகலில் மழை கொட்டியது. சாலை ஆறாக ஓட, கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வழுக்கி மோதின. ரிச்சர்ட்ஸின் நிசானும் சுவரில் இடித்து, சக்கரம் கோணி, ஏற்கெனவே குவிந்து கிடந்த கார்களுக்குள் போய்ச் செருகியது. சிவப்புக் கொடி. விதிப்படி, பந்தயத்தை நிறுத்தினால் முந்தைய முழுச் சுற்றின் நிலவரமே முடிவு. அதில் நிசான் முதலிடம். நொறுங்கிய கார் ஜெயித்தது. ஓடிக்கொண்டிருந்த டிக் ஜான்சன், ஜான் பவ் ஜோடியின் ஃபோர்டு இரண்டாமிடம்.

மேடைக்குக் கீழே கூட்டம் ஊளையிட்டது. மேலே நின்ற ரிச்சர்ட்ஸுக்குச் சற்று முன்புதான் இன்னொரு செய்தி தெரிந்திருந்தது. அவருடைய நண்பர், நியூசிலாந்தின் 1967 ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் டென்னி ஹல்ம், அதே பந்தயத்தில் ஓட்டிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து, காரை ஓரங்கட்டி நிறுத்தி, இறந்துபோயிருந்தார். ரிச்சர்ட்ஸ் ஒலிவாங்கியைப் பிடித்துக் கூட்டத்தைப் பார்த்து நாகரிகமற்ற ஒரு வசைச்சொல்லால் திட்டினார். நாடு முழுக்க நேரலையில் போனது. இன்றைக்கு வரைக்கும் அதை ஒரு வேடிக்கைத் துணுக்காகத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. அந்த மலையில் யாரோ ஒருவர் கூட்டத்தின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொன்ன தருணம் அது.

விதிமுறை பற்றிய கோபம் என்று அந்த ஊளைக்குச் சமாதானம் சொல்வார்கள். கொஞ்சம் நியாயம் உண்டு. சுவரில் கிடக்கும் காருக்குக் கோப்பையா என்று யாருக்கும் தோன்றும். ஆனால் கூட்டத்தின் "நம்ம கார்" எது என்று பாருங்கள். ஃபோர்டு சியாரா ஆர்எஸ்500. ஐரோப்பியக் கார். நான்கு சிலிண்டர் டர்போ. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு அந்தக் காரை விற்கவே இல்லை. கூட்டத்தில் இருந்த எவனும் திங்கட்கிழமை போய் வாங்க முடியாத கார் அது. மறுபக்கம் அந்நியன் என்று ஊளையிடப்பட்ட ஜிடி-ஆர், சுமார் நூறு கார் அளவுக்காவது இங்கே அதிகாரபூர்வமாக விற்கப்பட்டது. ஓட்டிய ஸ்கைஃப் ஆஸ்திரேலியர். அணியை நடத்தியவர் ஃப்ரெட் கிப்சன். 1967-இல் அந்த முதல் வி8 ஃபால்கனை ஓட்டி ஜெயித்த இருவரில் ஒருவர். ஜான்சனின் ஆட்களும் குயின்ஸ்லாந்துப் பட்டறையில் உயிரைக் கொடுத்து வேலை செய்தவர்கள்தான், மறுக்கவில்லை. அப்படியென்றால் இரண்டு பக்கமும் உள்ளூர் உழைப்பு, இரண்டு பக்கமும் வெளிநாட்டுக் கார். வித்தியாசம் சின்னத்தில் மட்டும்.

இன்னொன்று. மெல்பர்னில் கிளேட்டன் என்ற இடத்தில் நிசானுக்குத் தொழிற்சாலை இருந்தது. ஸ்கைலைன் குடும்பக் கார்களையும் பின்டாராவையும் ஆஸ்திரேலியத் தொழிலாளிகள் அங்கே செய்துகொண்டிருந்தார்கள். 1960-இன் விதிப்படி பார்த்தால் அவை "நம்ம கார்". அந்தத் தொழிற்சாலையில் கார் உற்பத்தி நின்றது அதே 1992-இல். அதற்காக மலையில் யாரும் ஊளையிட்டதாக நான் படித்ததில்லை.

1993 முதல் புதிய விதி: ஐந்து லிட்டர் வி8, ஃபோர்டு ஃபால்கன் அல்லது ஹோல்டன் கமோடோர். இரண்டு லிட்டர்க் கார்களைக் கொஞ்ச காலம் ஓரமாக ஓடவிட்டு, 1995-இல் அவர்களையும் கழற்றிவிட்டார்கள். இந்த முடிவுக்கு ஒரு வலுவான வாதம் உண்டு. குரூப் ஏ உலகம் முழுக்கவே செத்துக்கொண்டிருந்தது. ஜிடி-ஆர் போன்ற காரை வைத்து ஓட்டும் செலவு சாதாரண அணிக்குக் கட்டாது. நெருக்கமான பந்தயம் வேண்டுமென்றால் எளிய கார் வேண்டும். எல்லாம் சரி. 1993-க்குப் பிறகு பந்தயம் விறுவிறுப்பானது என்பதும் சரி. ஆனால் செலவைக் குறைக்க இரண்டே கம்பெனி என்று எழுத வேண்டிய அவசியம் என்ன? ஐந்து லிட்டர் வி8 என்ற அளவு இயற்கை விதியா? எந்த இரண்டு கம்பெனியிடம் அந்த என்ஜின் இருந்ததோ, அவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. தைத்துவிட்டு அதற்கு மரபு என்று பெயர் வைத்தார்கள்.

1997, 1998 இரண்டு ஆண்டும் இன்னும் கூத்து. ஒளிபரப்பு, உரிமைச் சண்டையில் பந்தயமே இரண்டாக உடைந்து, சில வார இடைவெளியில் இரண்டு பாத்தர்ஸ்ட் 1000 நடந்தன. ஒன்றில் பிஎம்டபிள்யூவும் வால்வோவும் ஜெயித்தன, இன்னொன்றில் வி8 கார்கள். கூட்டம் வி8 பக்கம் போனது. 1998-இல் வால்வோவில் ஜெயித்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே ஜிம் ரிச்சர்ட்ஸ். ஹோல்டனில், நிசானில், வால்வோவில், மறுபடி 2002-இல் ஹோல்டனில் என மொத்தம் ஏழு வெற்றி. ஓட்டுகிறவனுக்கு எந்தக் குலமும் இல்லை. கூலியும் திறமையும் உண்டு.

குலதெய்வத்தின் கதையே அதுதான். பீட்டர் ப்ராக், ஒன்பது வெற்றி, ஹோல்டன்காரர்களின் கடவுள். 1987-இல் காந்தமும் படிகமும் வைத்த ஒரு பெட்டியைக் காரில் ஒட்டினால் கார் நன்றாக ஓடும் என்று நம்பி விற்கப் போக, ஹோல்டன் அவரோடு உறவை அறுத்துக்கொண்டது. (அந்தப் பெட்டியைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம், அவ்வளவு விநோதம்.) பிறகு ப்ராக் என்ன செய்தார்? 1988-இல் பிஎம்டபிள்யூ ஓட்டினார். 1989, 1990-இல் ஃபோர்டு சியாரா ஓட்டினார். 2006-இல் அவர் இறந்த பிறகு கோப்பைக்கு அவர் பெயர் வைத்தார்கள். முதல் ப்ராக் கோப்பையை அவருடைய சீடர் கிரெய்க் லவுண்ட்ஸ் வாங்கினார், ஃபோர்டு ஃபால்கனில் வந்து. கடவுளும் சீடரும் தாண்டிப் போன வேலியை ரசிகர்கள் மட்டும் இருபக்கமும் காவல் காத்தார்கள்.

நான் மேற்கு சிட்னியில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், தேநீர் இடைவேளையில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "ஃபோர்டா, ஹோல்டனா?" நட்பாகத்தான் கேட்டார்கள். நான் "ரயில்" என்றேன், சிரித்தார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு இரண்டே பதில்தான் இருக்கிறது என்பதை அடுத்த சில ஆண்டுகளில் பல இடங்களில் பல வடிவங்களில் புரிந்துகொண்டேன். நன்றாக ஓட்டி ஜெயித்தாலும் ஊளையிடுவார்கள் என்று தெரிந்துகொண்டே மேடையேறுகிற ஆளை எனக்குப் புரிகிறது. வந்தேறிகள் எல்லோருக்கும் புரியும். இங்கே இதற்கு மேல் என்னைப் பற்றி வேண்டாம்.

ஃபோர்டின் பிராட்மெடோஸ் தொழிற்சாலையில் கடைசிக் கார் வந்தது 2016 அக்டோபர் 7, வெள்ளிக்கிழமை. இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, பாத்தர்ஸ்ட் பந்தயம். ஃபால்கன்கள் வழக்கம்போல மலையைச் சுற்றின, ரசிகர்கள் வழக்கம்போல நீலக் கொடி ஆட்டினார்கள். அந்தக் காரைச் செய்த கைகள் அன்றைக்கு வேலை இல்லாமல் வீட்டில் இருந்தன. அடுத்த ஆண்டு அக்டோபரில் எலிசபெத் நகரில் ஹோல்டனும் மூடியது. 2020-இல் ஹோல்டன் என்ற பெயரையே ஜெனரல் மோட்டார்ஸ் குப்பையில் போட்டது. அறுபது ஆண்டு விசுவாசத்துக்கு டெட்ராய்ட்டில் இருந்து வந்த பதில் ஒரு செய்திக்குறிப்பு.

நமக்கு இது புதிதா? மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலையை மூடப் போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022-இல் கடைசிக் காரை அனுப்பியதும் இதே ஃபோர்டுதான். ஒரு வித்தியாசம்: நம்மிடம் ஃபோர்டு யாரையும் நீலச் சட்டை போட்டு அழ வைக்கவில்லை. தொழிலாளிகள் வாசலில் உட்கார்ந்து இழப்பீடு எவ்வளவு என்று கேட்டார்கள். அவர்களுக்கு அது வேலை கொடுத்த இடம். அந்தத் தெளிவு பாத்தர்ஸ்ட் மலையில் அறுபது ஆண்டாக இல்லை. "நம்ம கார்" என்பதற்கு 1960-இல் இருந்த அர்த்தத்தை, பூட்டிய கை என்ற அர்த்தத்தை, பிடித்துக்கொண்டிருந்தால், கிளேட்டன் மூடியபோதே அடுத்தது யார் என்ற கேள்வி வந்திருக்கும். சின்னத்தைப் பிடித்துக்கொண்டார்கள். சின்னத்துக்கு ஊர் கிடையாது.

பந்தயம் நிற்கவில்லை. 2013 முதலே எல்லாக் கார்களுக்கும் அடியில் ஒரே மாதிரிச் சட்டகம், ஒரே மாதிரி கியர்பாக்ஸ். மேலே போர்த்திய உருவமும் என்ஜினும்தான் வேறு. 2022-இல் ஹோல்டன் கடைசியாக ஓடி, ஜெயித்துவிட்டுப் போனது. 2023-இல் அதன் இடத்துக்கு ஷெவர்லே கமாரோ வந்தது. அமெரிக்கக் கார், அந்த நேரத்தில் ஆஸ்திரேலியாவில் அதை விற்பார் இல்லை, அமெரிக்காவிலேயே அதன் உற்பத்தி முடியும் தறுவாயில் இருந்தது. ஹோல்டன் ரசிகர்களைப் பார்த்து இனிமேல் இதுதான் உங்க கார் என்றார்கள். நிறையப் பேர் சரி என்றார்கள். சிவப்புச் சட்டையை மடித்து வைத்துவிட்டு மஞ்சள் நிற வில் சின்னத்தை மாட்டிக்கொண்டு மலையேறினார்கள்.

அடுத்து டொயோட்டா. மெல்பர்னுக்குப் பக்கத்தில் ஆல்டோனாவில் அது நடத்திவந்த தொழிற்சாலையும் 2017-இல் மூடப்பட்டதுதான். 2026 முதல் சுப்ராவோடு களமிறங்குவதாக 2024-இல் அறிவித்தது. கடையில் விற்ற சுப்ராவைக் கட்டியது ஆஸ்திரியாவில். அதற்குள் இருந்த ஆறு சிலிண்டர் என்ஜின் பிஎம்டபிள்யூவினுடையது. பந்தயத்துக்கு அதைக் கழற்றிவிட்டு, வேறொரு டொயோட்டா வி8 என்ஜினைப் பொருத்துகிறார்கள்.